பேர் பெரிசுதான், பின்பக்கத்தையும் பாருங்கள்

'பெரிய கம்பெனி ஆயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று எஞ்சின் ஆயில் பற்றிய கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பக்கத்தில் பளபளவென்று போடும் 'ஃபுல்லி சிந்தெடிக்' (முழுக்கச் செயற்கை எண்ணெய்) என்பதன் பொருள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. காஸ்ட்ரால் கம்பெனியின் சின்டெக் ஆயிலில் இருப்பது நன்றாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தானே, அதை எப்படி சிந்தெடிக் என்று விற்கலாம் என்று அமெரிக்காவில் போட்டிக் கம்பெனியான மொபில் புகார் கொடுத்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கமே பேசியது. அப்புறம் அங்கே இப்படி நன்றாகச் சுத்திகரித்த, 'குரூப் 3' எனப்படும் எண்ணெய்க்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் அப்படிப் போட முடியாது. குரூப் 3 மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்ல எண்ணெய்தான். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கியர் பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பான் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும், ஏனென்றால் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. வழுக்கல் மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் பேச்சிப்பாறை ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி நகராது. எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. ஏபிஐ என்ற அமெரிக்கத் தரக் குறியீட்டில் எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். பிராண்ட் பெயரைவிட இந்த எழுத்துகள் அதிகம் சொல்லும்.

போலி வேறு இருக்கிறது. தக்கலையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் காலி டப்பாவில் யாரும் போலி ஆயிலை நிரப்பி விற்காமலிருக்க, அதைக் கத்தியால் குத்திக் கிழித்த பிறகுதான் பழைய சாமான்காரரிடம் கொடுப்பார். கட்டுரையாளர் அதையும் எழுதியிருக்கலாம்.