கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

"விளையாட இறங்கினாலே அடிபடச் சம்மதித்ததாக அர்த்தம், வழக்குப் போட முடியாது" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் பக்கம் கால்பந்தில் முட்டி பெயராத பையன் இல்லை, அதற்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 25-வது பிரிவும் (பழைய இ.பி.கோ. 87) ஒழுங்காக விளையாடும்போது பட்ட அடி குற்றமாகாது என்றுதான் சொல்கிறது. ஆனால் சம்மதிப்பவருக்கு 18 வயது தாண்டியிருக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்?

போன வருஷம் என் அக்கா மகன், 14 வயசு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் ஒரு டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) விளையாடினான். கோல் கம்பத்தின் அடியில் துருப்பிடித்த கம்பி ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கெண்டைக்காலில் ஆறு தையல். கேட்டால், "கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே வந்தான்" என்று நோட்டைக் காட்டினார்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. காசு வாங்கி இடம் விடுவது சேவை. அதில் குறை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

அடிபட்ட இடத்தை அப்போதே போட்டோ எடுங்கள், ரசீதையும் பத்திரமாக வையுங்கள். எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மறுநாள் போனபோது கம்பியை அறுத்து எடுத்துவிட்டார்கள்.