பெயர் நம்முடையது, அந்தப் படகு நம்முடையதில்லை

நேற்று ஒரு பதிவில் இரட்டை உடல் படகின் படத்தைப் போட்டு, இதுதான் நம் கட்டுமரம் என்று பெருமைப்பட்டிருந்தார்கள். இல்லை என்று நான் சொல்லப்போய்க் கூத்தாகிவிட்டது. "தமிழ்த் துரோகி" என்று எழுதிய பெருமக்களுக்கு மட்டும் இந்தப் பதிவு. இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கேட்டமரான் என்ற சொல் தமிழில்லை என்று நான் சொல்லவே இல்லை. கட்டுமரம்தான் கேட்டமரான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சொல்கிறது. அந்தப் படத்தில் இருக்கிற இரட்டை உடல் படகு கட்டுமரம் இல்லை என்றேன். அவ்வளவுதான்.

கட்டுமரத்துக்கு உடலே, அதாவது தண்ணீர் புகாத குழிந்த கூடே, கிடையாது ஐயா. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, பெயரிலேயே இருக்கிறது. 1697இல் வெளியான பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். ஒன்றிரண்டு மரம்தான், சின்னதில் போகிறவனுக்குக் காலோடு பின்புறமும் எப்போதும் தண்ணீரில்தானாம்!

அது உண்மை, பட்டிருக்கிறேன். பத்து வயதில் கட்டுமரத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், மர இடுக்கில் தண்ணீர் பொங்கிக் கால்சட்டை முழுக்க நனைந்துவிட்டது. "அண்ணே, ஓட்டை!" என்று அலறினேன். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிறுத்தாமலே சொன்னார்: "இதுல தண்ணி ஏறும், எறங்கும் தம்பி. முழுகாது." நேற்று வாதாடியவர்களில் ஒருவருக்காவது கால்சட்டை நனைந்திருக்குமா?

இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டும் வித்தை பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுக்காரர்களுடையது. 1876இல் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் அமெரிக்காவில் 'அமரில்லிஸ்' என்று ஓர் இரட்டை உடல் படகு கட்டி, நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். பொறுக்காமல் தகுதிநீக்கம் செய்தார்கள். பெயர் மட்டும் நம்மிடமிருந்து போய் அந்த வகைப் படகில் ஒட்டிக்கொண்டது.

"பெயர் போனால் பெருமைதானே, உனக்கென்ன வலிக்கிறது?" என்பார்கள். பெருமைதான். அதற்காக அடுத்தவன் படகையும் சேர்த்து எடுத்துக்கொள்வதா? "நாவாயிலிருந்துதான் நேவி வந்தது" என்று இன்னொருவர். சரி, விடுங்கள், அது லத்தீன் நாவிஸிலிருந்து வந்தது. அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

துரோகி என்று எழுதியவர்களில் ஒருவர் எட்டு வருடமாக என்னை வாசிப்பவர். அதுதான் தூங்கவிடவில்லை. சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகாகி, கட்டுமரம் கண்ணில் படுவதே அரிதானபோது இந்தப் பெருமைக்காரர்கள் எங்கே போனார்கள்?

கடைசியாக, நிஜக் கட்டுமரத்தின் படம் ஒன்றை அந்தப் பதிவின் கீழே போட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இது என்ன, விறகுக் கட்டா?"