மெழுகுவர்த்தி வாங்கினால் டென்மார்க் மகிழ்ச்சி வருமா?

"டென்மார்க்தான் உலகிலேயே மகிழ்ச்சியான நாடு, காரணம் 'ஹூகே' (நெருங்கியவர்களோடு இதமாக, நிம்மதியாகப் பொழுது கழிப்பதைக் குறிக்கும் டேனிஷ் சொல்), வாசனை மெழுகுவர்த்தியும் கம்பளிப் போர்வையும் வாங்குங்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை முதலிடம் பின்லாந்துக்கு, அதுவும் மக்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே 0 முதல் 10 வரை போட்ட மதிப்பெண்ணை வைத்து. அதற்கு விளக்கமாக அறிக்கை பார்ப்பது வருமானம், ஆரோக்கியம், கஷ்டத்தில் கைகொடுக்க ஆள், ஊழல் போன்றவற்றை.

டிசம்பரில் கோபன்ஹேகனில் பகலே 7 மணி நேரம்தான், மூன்றரை மணி தாண்டினால் சூரியன் போய்விடும், அதனால் வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் வாசனை இல்லாதது. அப்புறம் சூடாகக் காபி, கேக், அவசரமில்லாமல் பேச நாலு பேர். அந்த நாலு பேரைத்தான் பதிவு விட்டுவிட்டது. மூடிய அறையில் மெழுகுவர்த்தி எரிந்தால் காற்றில் நுண்துகள் சேரும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.