18 வயசு ஆனதும் அப்பா பொறுப்பு முடிஞ்சுதா?

முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து டைம்லைன் முழுக்க அந்தப் பதிவுதான். யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மனைவியைப் பிரிந்த ஒரு அப்பா, மகனுக்கு 18 முடிந்த அன்று கடைசி மாதப் பராமரிப்புப் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு "இன்றோடு விடுதலை" என்று எழுதியிருந்தாரே, அதேதான். அவர் எழுதியதைவிட எனக்கு அதிகமாக வலித்தது கீழே வந்து குவிந்த வாழ்த்துகள். "செம ப்ரோ", "பார்ட்டி எப்போ?" எழுதியவர்களில் பாதிப்பேர் பிள்ளை பெற்றவர்கள். அந்தப் பையன் கையிலும் போன் இருக்கும், அவனும் இதைப் படிப்பான் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

சட்டப்படி அவர் செய்தது சரிதானே என்கிறார்கள். சரி, சட்டத்தையே பேசுவோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆவது பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது, எண்தான் மாறியது. அதன்படி பிள்ளை மேஜர் ஆகும் வரைதான் பராமரிப்புத் தொகை. உடலாலோ மனத்தாலோ சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்கு மேலும் உண்டு. மகளாக இருந்தால் இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இருக்கிறது. கல்யாணம் ஆகாத மகள் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத வரை அப்பா கொடுத்தாக வேண்டும், அதை 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மகனுக்கு அந்தச் சட்டத்திலும் 18தான். இவ்வளவும் எனக்குத் தெரியும், என் வக்கீலிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் 18 என்பது ஓட்டுப் போடுகிற வயது. படிப்பு முடிகிற வயது இல்லை. நம் ஊரில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் போய் நிற்கிற வயது அது. இன்ஜினியரிங் என்றால் இன்னும் நாலு வருஷம், டாக்டருக்குப் படித்தால் ஐந்தரை வருஷம். செலவு ஆரம்பிக்கிற மாதத்தில் பணம் நிற்கிறது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. மகனுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் நடந்துகொண்டிருந்த மாதத்தில்தான் 18 முடிந்தது. அந்த மாதம், என்னைப் பிரிந்த அவன் அப்பாவிடமிருந்து வழக்கமான பணம் வந்தது. அடுத்த மாதம் வரவில்லை. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட், லேப்டாப் எல்லாம் சேர்த்து எழுதி, "பாதியாவது கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "கோர்ட் ஆர்டர் முடிஞ்சிருச்சு" என்று ஒரு வரி பதில். அவன் என்ன பாடம் எடுத்திருக்கிறான், எந்த ஊரில் சேர்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை. பிளஸ் டூ வரை ஒரு வருஷம் முழுக்க ஆன செலவு, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆகிவிட்டது. செயினை அடகு வைத்தேன், அண்ணன் கொஞ்சம் கொடுத்தான். அதுகூடப் பெரிதில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா பெயர், அப்பா தொழில், அப்பா வருமானம் என்று வரிசையாகக் கட்டம் இருந்தது. மகன் அதையெல்லாம் நிரப்பிக்கொண்டே, "இதுல என்னம்மா எழுதுறது?" என்று கேட்டான்.

"அம்மாவும் சம்பாதிக்கிறாளே?" என்பீர்கள். ஆமாம், சம்பாதிக்கிறேன், அவ்வளவும் அவனுக்குத்தான் போகிறது. இரண்டு பேரும் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், அவர் மட்டும் கொடுக்கட்டும் என்று எங்கே சொன்னேன்?

"வெளிநாட்டில் 18 வயதில் தானே சம்பாதித்துப் படிக்கிறார்கள்." எந்த வெளிநாடு? நியூயார்க் மாநிலத்தில் பிள்ளைக்கு 21 வயது வரை பெற்றோர் கொடுக்க வேண்டும். என் மகனும் லீவில் துணிக்கடையில் நின்றிருக்கிறான், தீபாவளி நேரத்தில் கால் வீங்கி வீட்டுக்கு வந்திருக்கிறான். அந்தப் பணத்தில் செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாது, பஸ் பாஸும் ஜெராக்ஸும்தான் கட்டுப்படியாகும்.

"பிள்ளையைப் பார்க்கவே விடாத அம்மாக்கள் இருக்கிறார்களே." இருக்கலாம். அதற்கு நீதிமன்றத்தில் கேளுங்கள். பிள்ளை படிப்பில் கைவைக்காதீர்கள்.

"இரண்டாவது குடும்பம் இருக்கிறது, சம்பளம் போதவில்லை" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2021 மார்ச்சில் கர்நாடக வழக்கு ஒன்றில் ஒரு அப்பா உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் சொன்னார். நீதிபதிகள் மாதத் தொகையைக் குறைத்தார்கள், ஆனால் 18 வயதோடு நிறுத்துவது இந்தக் காலத்துக்குப் போதாது, மகன் முதல் பட்டம் வாங்கும் வரை கொடு என்றார்கள். கையில் இருப்பது குறைவு என்றால் குறைவாகக் கொடுங்கள். கொடுக்கவே மாட்டேன் என்பது வேறு. நம் அரசு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கும் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. பிளஸ் டூவோடு படிப்பு முடியவில்லை என்று அரசுக்கே தெரிகிறது, பெற்றவருக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. நான் மேலே சொன்ன அதே 20ஆவது பிரிவுதான், வயதான அப்பா தன்னால் முடியாத நிலையில் இருந்தால் பிள்ளை அவரைப் பராமரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு வயது வரம்பே கிடையாது. 2007இல் மூத்த குடிமக்களுக்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது. "விடுதலை" என்று எழுதியவருக்கு நாளைக்கு முடியாமல் போனால் அதே பையனிடம் கேட்கலாம், சட்டம் அவர் பக்கம் நிற்கும். அப்போது அந்தப் பையன் "ஆர்டர் முடிஞ்சிருச்சு" என்று சொல்ல முடியாது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மனுவில் "மேஜர் ஆகும் வரை" என்று மட்டும் எழுத விடாதீர்கள். முதல் பட்டம் முடியும் வரை, கட்டணம் யார் பங்கு எவ்வளவு, ஹாஸ்டல் யார், எந்த மாதத்தில், எல்லாம் எழுத்தில் வேண்டும். எதிர்த்தரப்பு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

அப்புறம், இதற்குக் கீழேயும் வந்து "எல்லாச் சட்டமும் ஆண்களுக்கு எதிரானது" என்று சிலர் ஆரம்பிப்பீர்கள், தெரியும். மகளாக இருந்திருந்தால் அந்தப் பணம் நின்றிருக்காது ஐயா. நின்றது ஒரு ஆண்பிள்ளைக்கு.