நடை வரவில்லை என்ற கவலையும் பெட்டியில் கிடக்கும் அந்துருண்டையும்

கைக்குழந்தை உள்ள வீட்டில் கவலைக்குப் பஞ்சமே இல்லை. அதில் பாதிக்கு மேல் வேண்டாத கவலை என்பது என் கருத்து. கவலைப்பட வேண்டிய இடத்தில் மட்டும் "எல்லாம் சரியாகிடும்" என்று இருந்துவிடுகிறோம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று மாதம், இன்னும் நடக்கவில்லை. "எங்க பையன் பத்து மாசத்துலயே ஓடினான்" என்று ஓர் அத்தை போட்டார். அவ்வளவுதான், அந்தத் தாய்க்கு அன்றைய தூக்கம் போச்சு. உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் தானாக நடப்பது சிலருக்கு 8 மாதத்திலேயே வந்திருக்கிறது, சிலருக்கு 17 மாதம் தாண்டி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஒவ்வொரு குழந்தைக்கும் தரும் நம் சுகாதாரக் கையேட்டிலும் ஒவ்வொரு வளர்ச்சிக் கட்டத்துக்கும் 90 விழுக்காட்டுப் பிள்ளைகள் எந்த வயதுக்குள் அதைச் செய்வார்கள் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? தடுப்பூசிப் பக்கம் மட்டும் புரட்டிப் புரட்டி நைந்துபோயிருக்கும். பெற்றோர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் புத்தம்புதிதாக இருக்கும்.

அடுத்தது மலம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் சில நாள், ஏன் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, வயிறு உப்பாமல், போகும்போது இளக்கமாகப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு யாராவது கிளம்பினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இப்போது மஞ்சள் காமாலைக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்கு லேசாக மஞ்சள் தட்டுவது சகஜம். பழைய சிவப்பணுக்கள் உடைவதில் வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்ற அந்தச் சின்னக் கல்லீரலுக்கு இன்னும் வேகம் போதாது. ஆனால் அளவு எகிறினால் அது மூளையையும் காதையும் பாதிக்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வரச்சொல்லி, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். "பச்சைப்பிள்ளையை இப்படிக் குத்துறாங்களே, காலை வெயில்ல காட்டினா போதாதா?" என்று பாட்டிகள் கேட்பார்கள். போதாது. காமாலையைக் குறைக்க மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்கின் அளவு கணக்கானது, தாழ்வார வெயில் அப்படியல்ல. நம் மாநிறத்தில் மஞ்சள் சட்டென்று தெரியவும் தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி. இந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்குச் சில பொருள்கள் பட்டாலே சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும், காமாலை ஒரேயடியாக ஏறும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் தவிர்க்க வேண்டியவற்றில் அந்துருண்டை முக்கியமானது. நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பிரசவம் பார்க்க வரும் அம்மா, தூளி கட்ட மெத்தென்ற பழைய பருத்திச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுப்பார். ஆசையாகத்தான் எடுப்பார். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் அந்துருண்டை வாசம்! முடிவு தெரியும்வரை அந்தச் சேலை குழந்தைப் பக்கமே வர வேண்டாம். குறைபாடு உண்டு என்று வந்தால் வீட்டிலேயே அந்துருண்டை இருக்கக் கூடாது, பாட்டி வீட்டிலும்தான்.

தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். கண் மையில் ஈயம் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மாமியாரோடு சண்டை வந்தால் வரட்டும்.

கடைசியாகக் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று உட்காராதீர்கள். அந்த வயதில் கிருமித்தொற்று வேகமாகப் பரவும், வெளியே அறிகுறியும் அதிகம் காட்டாது. கேகே மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவு நடுராத்திரியிலும் திறந்திருக்கும். டாக்சி பிடித்துக் கிளம்பிவிடுங்கள், கையேட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு.