27ஆவது ஸ்லைடு வரவே இல்லை

ஒரு பயிற்சி அரங்கில் கேள்வி கேட்க எழுந்த பெண்ணைக் கருத்தாளர் "உட்காரும்மா" என்கிற அந்த 40 நொடி வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று, அவளுக்குத் திமிர் என்றும் சொல்லியாயிற்று. மூன்று நாளாக நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதன் கீழே ஒருவர், "ஆயிரம் ரூபாய்க்கு வர்ற பொண்ணுங்களுக்குக் கேள்வி ஒரு கேடா" என்று எழுதியிருக்கிறார், அதற்கு அறுபது பேர் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் இருந்தவள் நான், அதனால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அது அரசு நடத்திய பயிற்சி இல்லை. யார் நடத்தியது என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வந்தவர்களில் பாதிப் பேர், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகப் பிள்ளைகளோடு இருந்த பெண்கள். அதற்கு மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, அதனால்தான் இந்தக் கிண்டல்.

வீடியோ அந்தப் பெண் எழுந்து நிற்பதில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது? காலை பத்து மணியிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தலைப்பு, ஆல்ஃபா தலைமுறையும் முறைசாராக் கல்வியும். அதாவது 2010-ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எப்படி அணுகுவது என்று. திரையில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேரே படம். மாணவர் தலையை உண்டியலாக நினைத்து அதில் காசு போடுகிற மாதிரி பாடத்தைப் போடாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர். அவர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு கருத்தாளர் இரண்டு மணி நேரமாக எங்கள் தலையில் காசு போட்டுக்கொண்டிருந்தார். ஃப்ரேரே தாடிக்குள்ளேயே சிரித்திருப்பார்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். "சார், என்கிட்ட வர்ற பையன் ஒருத்தன், நான் கதை ஆரம்பிச்சாலே 'ஸ்கிப் பண்ணுங்கக்கா'ங்கிறான். அதுக்கு..." அவ்வளவுதான். "அது 27ஆவது ஸ்லைடுல வரும், உட்காரும்மா." அரங்கில் சிரிப்பு. அவள் உட்காரவில்லை, இன்னொரு தடவை "சார்" என்றாள். அதைத்தான் நீங்கள் திமிர் என்கிறீர்கள். இருக்கட்டும். 19ஆவது ஸ்லைடில் சாப்பாடு வந்துவிட்டது. மதியம் வேறு ஆள், வேறு தலைப்பு.

வீடியோவில் இல்லாதது இனிமேல்தான். கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன், அந்தப் பையனை என்ன செய்தாய் என்று. அவள் கேள்வி கேட்க எழுந்திருக்கவே இல்லை, தான் கண்டுபிடித்ததைச் சொல்ல எழுந்திருக்கிறாள். முதலில் இரண்டு நாள் அவனைத் திட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள், "சரி, ஸ்கிப். இப்ப கதை எங்க வந்து நிக்குது, நீயே சொல்லு" என்று விட்டிருக்கிறாள். கதையில் கிணற்றுக்குள் இருந்த நரியை அவன் நேராக ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டான். மற்ற பிள்ளைகள், "கிணத்துக்குள்ள இருந்தது எப்படிடா மேல வந்துச்சு" என்று சண்டைக்குப் போக, அந்த நடுப்பகுதியை அவனே திரும்பி வந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. இப்போது அவள் பாடம் நடத்துகிற திண்ணையில் 'ஸ்கிப்' என்பது ஒரு விளையாட்டு. யார் ஸ்கிப் என்று சொன்னாலும் விட்டுப்போன இடத்தை அவர்களே கட்ட வேண்டும்.

அன்றைக்கு முழுக்க நான் கற்றுக்கொண்டது அந்தக் குழாயடியில்தான். அதைச் சொல்ல வந்தவளைத்தான் உட்காரும்மா என்றார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பயிற்சியில் ஒருவரை எப்படி நடத்துகிறோமோ அப்படித்தான் அவர் போய்ப் பிள்ளைகளை நடத்துவார். உட்காரவைத்துக் காதில் ஊற்றினால், அவரும் போய் உட்காரவைத்து ஊற்றுவார். ஸ்லைடில் 'பங்கேற்பு' என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் சரி.

இது எனக்கு எப்படித் தெரியும்? 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலம், அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது எங்கள் பயிற்சி. ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. "இடது கையால உங்க அம்மா பேரை எழுதுங்க." என் அம்மா பேர் மீனாட்சி. அந்த ட்-டின் புள்ளி எங்கேயோ போய் விழுந்தது. பயிற்சி கொடுத்த அண்ணன் பின்னாலேயே வந்து, "சீக்கிரம், சீக்கிரம், இதுகூட வரலையா" என்று சத்தம் போட்டார். பி.யு.சி. காலத்து வாத்தியார் மாதிரி. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு கல்குவாரியில் சல்லி உடைக்கிற ஒரு அக்கா என் முன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு திணறியபோது, ஒரு தடவைகூட என் வாயில் 'சீக்கிரம்' வரவில்லை. யாரும் எனக்கு "பொறுமையாக இரு" என்று சொல்லவே இல்லை, பாருங்கள்.

"அது பெரியவர்களுக்கு, முப்பது வருசத்துக்கு முந்தின கதை, இந்தப் பிள்ளைகள் வேற" என்பீர்கள். வேறுதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரை இருந்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றரை வருசத்துக்கு மேல் போன்தான் வாத்தியார், போன்தான் கூட்டாளி. அந்த வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த தம்பி தங்கைதான் இன்றைக்கு ஸ்கிப் என்கிறது. அதற்குத்தான் சொல்கிறேன், புதுசாக யோசிக்கிற ஆளை உட்காரவைக்காதீர்கள் என்று.

"நூற்றைம்பது பேரை வைத்து வட்டம் போட முடியுமா?" முடியாது. பத்து வட்டம் போடலாம். அவ்வளவுதான் இதற்குப் பதில்.

"விளையாடிக்கொண்டே இருந்தால் கழித்தல் கணக்கு எப்போ வரும்?" இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆட்டமும் பாட்டுமாகவே ஓடி, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத மையங்களை நானே பார்த்திருக்கிறேன். அறிவொளியிலும் இயக்கம் ஓய்ந்தபிறகு தொடர்ச்சி இல்லாமல், கற்ற எழுத்தை மறந்துபோன அக்காக்கள் உண்டு. அந்தக் குவாரி அக்காவும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு நோகிறது. ஆனால் இதற்கு மருந்து இரண்டு மணி நேர ஸ்லைடா?

"அந்தக் கருத்தாளர் எவ்வளவு படித்தவர் தெரியுமா?" தெரியும். அழைப்பிதழில் அவர் பட்டங்கள் மட்டும் இரண்டு வரி.

கடைசியாக அந்த ஆயிரம் ரூபாய். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் என்று சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு மாசம் ஐம்பது ரூபாய். அதில்தான் சாக்பீஸும் வாங்கினார்கள், சார்ட்டும் வாங்கினார்கள், மழை வந்தால் வீட்டுக்குள் கூப்பிட்டு டீயும் போட்டுக் கொடுத்தார்கள். கோயில் மண்டபம், திண்ணை, மாட்டுக்கொட்டகைப் பக்கம் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. லட்சக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள். "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்ற பேச்சை மாமியாரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், இப்போது அதை முகநூலில் இருக்கிற படித்த ஆண்களிடமும் கேட்கிறார்கள். சிரித்த அறுபது பேரில் நான்கு பேர் எனக்கு நண்பர்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள். யாரையும் நீக்கவில்லை. இதைப் படிக்கட்டும்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால். அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பத்து நிமிடம் கேட்டிருந்தேன். அந்த இடது கைப் பயிற்சியைச் செய்து காட்ட. துண்டுச்சீட்டெல்லாம் வெட்டிப் பையில் கொண்டுபோயிருந்தேன். "மேடம், அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்" என்றார்கள். எனக்கும் அந்த வயிற்றெரிச்சல் இருக்கிறது. அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடாது. சாயங்காலம் எல்லாரையும் நிற்கவைத்து குரூப் போட்டோ எடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்திக் கேட்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாளைக்குச் சாயங்காலம் அவள் திண்ணைக்குப் போகிறேன், ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன். "வாங்கக்கா, ஆனா சும்மா உட்கார விடமாட்டாங்க, நரியா நடிக்கச் சொல்வாங்க" என்கிறாள். முழங்கால் வலி இருக்கிறது, பார்ப்போம். போட்டோ போடமாட்டேன், கேட்காதீர்கள்.