அந்தப் பச்சைக் காருக்காகவே வாங்கலாம்

ஆக்‌ஷன் கொமிக்ஸ் என்ற சுப்பர்மேன் சித்திரக்கதைத் தொடரின் 1000ஆவது இதழ் துண்டுக் கதைகளின் கோவைதான், முழுதாக ஒன்றுமில்லை என்று ரசிகர்கள் சிலர் குறைப்பட்டதாக உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 80 பக்கத்தையும் ஒரே கதைக்குக் கொடுத்திருந்தால் அது இன்னொரு சாதாரண இதழாகப் போயிருக்கும்.

1938இல் வந்த முதல் இதழின் அட்டையில் சுப்பர்மேன் ஒரு பச்சைக் காரைத் தூக்கி மோதுகிறாரே, அந்தக் கார்க்காரனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று இதில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. சண்டையை விடப் பேச்சுத்தான் அதில் பெரிது. திருந்த இடமிருக்கிறது என்று சுப்பர்மேன் அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று தரம் படித்துவிட்டேன். 1996இல் காலமான சுப்பர்மேன் ஓவியர் கேர்ட் ஸ்வானின் வெளிவராத படங்களைச் சேர்த்ததும் நல்ல மரியாதை. சுப்பர்மேனின் உடையில் சிவப்புக் காற்சட்டை திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்.

90களின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன் நான். கொக்குவிலில் பத்து வீடு கைமாறி வந்த புத்தகம், கடைசிப் பக்கங்கள் இல்லை. முடிவை அண்ணாதான் சொல்லித் தந்தார். அதனால் 2018இல் கனடாவிலிருந்து மச்சான் இந்த இதழைக் கொண்டுவந்து தந்தபோது முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

சரி, ஒரே இதழுக்குப் பல மாற்று அட்டைகள் போட்ட விஷயத்தில் மட்டும், கோபப்பட்ட ரசிகர்களின் பக்கம்தான் நானும். ஒவ்வொரு தசாப்தத்துக்கும் ஓர் அட்டை போட்டு, உள்ளே இருக்கும் அதே கதைகளைத் திரும்பத் திரும்ப வாங்க வைப்பது சேகரிக்கும் பெடியளுக்குச் செய்யும் அநியாயம்.